ஹா ஹா டாங்கா பயணத்துக்குத் துணைநின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். மிசோரி மாநிலத்தில், காம்டென்டன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஹா ஹா டாங்கா மாநிலப் பூங்காவுக்கு எங்கள் குழுவின் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடும் பெரியவர்களோடும் போய்வரக் கைகொடுத்த எல்லோருக்கும் இந்த மடல். உங்களில் சிலர் எங்களுக்குப் பழக்கமானவர்கள். பலர் எங்களுக்கு முகம்கூடத் தெரியாதவர்கள். யாருக்கு எதற்காக நன்றி என்பதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம். அடுத்துப் போகிறவர்களுக்கும் பயன்படும்.

அங்கே பார்க்க இருப்பதெல்லாம் இடிந்த பொருள்கள்தான். மேட்டில் தீயில் கூரை போன மாளிகை, பள்ளத்தில் தானாகவே கூரை விழுந்த குகை. எனவே முதல் நன்றி, மிச்சம் இருப்பதும் விழாமல் பார்த்துக்கொள்கிற கொத்தனார்களுக்கு.

கேன்சஸ் சிட்டி வணிகர் ராபர்ட் ஸ்னைடர் 1905இல் அந்த மாளிகையைத் தொடங்கினார். ஸ்காட்லாந்திலிருந்து கல்தச்சர்களை வரவழைத்தார். அடுத்த ஆண்டே கார் விபத்தில் இறந்துபோனார். மகன்கள் 1922இல் ஒருவழியாகக் கட்டி முடித்தார்கள். விடுதியாக நடந்துகொண்டிருந்த காலத்தில், 1942இல், புகைபோக்கியிலிருந்து பறந்த பொறி கூரையில் பற்றி, மரத்தால் ஆனது அத்தனையும் போயிற்று. நின்றது கல் மட்டும். கூரை போன சுவருக்கு மழையைவிடக் குளிர்தான் பகை. உச்சியில் கல்லிடுக்குக்குள் இறங்கிய தண்ணீர் இரவில் உறையும்போது ஒன்பது சதவீதம் பருக்கிறது. பகலில் உருகி இன்னும் உள்ளே இறங்குகிறது, மறுநாள் இரவு மறுபடி உறைகிறது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் இது திரும்பத் திரும்ப நடந்து சாந்து பொடியாகிறது, கல் ஆடத் தொடங்குகிறது. இப்படிப்பட்ட சுவரைக் காப்பாற்ற உச்சியில் தண்ணீர் தங்காமல் பூச வேண்டும், உதிர்ந்த இணைப்பைச் சுரண்டிவிட்டுப் புதுச்சாந்து அடைக்க வேண்டும், இடுக்கில் வேர்விட்ட செடியைப் பெரிதாகும் முன்பே பிடுங்க வேண்டும். ஆள் கண்ணில் படாத வேலை இது. சரியாகச் செய்தால் செய்ததே தெரியாது.

சுவரைச் சுற்றித் தடுப்பு இருப்பது படத்துக்கு இடைஞ்சல் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. ஜன்னல் திண்டில் குழந்தையை உட்காரவைத்துப் படம் எடுக்க யாருக்கும் கை பரபரக்கும். அந்தத் திண்டுக் கல்லை எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று மேலே எழுதியதைப் படித்தவர்கள் தடுப்புக்கு வெளியிலேயே நிற்பார்கள். எண்பதடி உயரத் தண்ணீர்க் கோபுரம் 1942 தீயில் தப்பியது, ஆனால் 1976இல் விஷமிகள் வைத்த தீயில் அதன் உள்மரம் எரிந்தது. மாநில அரசு இடத்தை வாங்கியது 1978இல். இரண்டு ஆண்டு முந்தியிருக்கலாம் என்று தோன்றாமல் இல்லை.

அடுத்து, படிக்கட்டுத் தச்சர்கள். கீழே உள்ள நீரூற்றிலிருந்து மாளிகை மேட்டுக்கு ஏறும் மரப்படிகள் 316. வெறும் மண்சரிவில் அத்தனை பேர் ஏறி இறங்கினால் மண் கரைந்து மரத்தின் வேர் வெளியே வந்துவிடும், செடி முளைக்காது. படி போட்டதால் கால் தரையிலேயே படுவதில்லை. ஆனால் மரம் நிழலில் பாசி பிடிக்கும். மழை பெய்த மறுநாளும், ஈர இலை ஒட்டிக்கிடக்கும் அக்டோபர், நவம்பரிலும் பலகையின் விளிம்பில்தான் வழுக்கும். பாதத்தை முழுதாகப் பலகை நடுவில் வைத்து, கைப்பிடியை விடாமல் வர வேண்டும். தோல் செருப்பு அறவே ஆகாது.

இதில் எங்கள் ஓட்டுநர்களுக்குத் தனி நன்றி. மூட்டு வலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை. ஒவ்வொரு படியிலும் உடல் எடை முழுவதையும் மடங்கிய முட்டி தாங்க வேண்டியிருக்கிறது. மூச்சு இரைப்பவர்களுக்கு இது தலைகீழ். ஆகவே முட்டி வலிக்கிறவர்கள் ஊற்றில் தொடங்கி, நின்று நிதானமாக மேலே ஏறினார்கள். இரைப்பு உள்ளவர்கள் மாளிகையில் தொடங்கிக் கீழே இறங்கினார்கள். இரண்டு கூட்டத்துக்கும் போய்ச் சேரும் இடத்தில் கார் காத்திருந்தது. இதற்காகப் படிக்கட்டையே பார்க்காமல் சாலை வழியாகச் சுற்றிச்சுற்றி ஓட்டியவர்கள் நீங்கள். எந்தக் கார் எங்கே என்பதைக் காகிதத்தில் எழுதி வைத்ததும் நல்லதாயிற்று. பள்ளங்களுக்குள் போனில் சிக்னலை நம்ப முடியாது.

சக்கர நாற்காலியைத் தள்ளிய இளைஞர்களுக்கும் நன்றி. மாளிகைக்குப் போகும் தார்ப்பாதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சரிவு உண்டு. தள்ள ஒருவர், முன்னால் நின்று பார்க்க ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும். இறக்கத்தில் நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இறக்கினால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரியமாட்டார். மேட்டின் விளிம்பிலிருந்து கீழே 250 அடிச் செங்குத்து. அங்கே போய்ச் சேர்ந்ததும் முதலில் பிரேக், அப்புறம் காட்சி.

கொலோசியம் பக்கம் வழிகாட்டிப் பலகைகளைப் பழுதில்லாமல் வைத்திருக்கும் பூங்கா ஊழியர்களுக்கு நன்றி. முக்கால் மைலுக்கும் குறைவான அந்தச் சுற்றுப்பாதையில்தான் பாறையின் கதை முழுக்க இருக்கிறது. இங்குள்ள பாறை டோலமைட், சுண்ணாம்புக்கல் போன்ற ஒரு வகை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகி, வெடிப்பு வழியே இறங்கி, பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் குகையாக்கியது. குகை பெரிதாகப் பெரிதாகக் கூரை மெலிந்து இடிந்தது. இடிந்த இடம் 500 அடி நீளமும் 300 அடி அகலமும் உள்ள பெரும்பள்ளம், அதுதான் கொலோசியம். இடியாமல் நின்ற துண்டு இயற்கைப் பாலம், பள்ளத்திலிருந்து நூறடிக்கு மேல் உயரம். பாலத்தின் மேலே நடக்கும்போது அது பாலம் என்றே தெரியாது. சாதாரண மண்பாதை போலத்தான் இருக்கும். அதன் அருமை தெரிய வேண்டுமானால் கீழே இறங்கி அண்ணாந்து பார்க்க வேண்டும். கோடையில் போகிறவர்களுக்கு இலைதான் தெரியும். பாறை பார்க்க வேண்டுமானால் இலை உதிர்ந்த பிறகு போவதே சரி என்பது எங்கள் எண்ணம்.

ஊற்றடியில் பாத்திரம் அலசப் போனவர்களைத் தடுத்த எங்கள் குழுப் பெண்களுக்கு ஒரு கும்பிடு. அந்த ஊற்று நாளொன்றுக்குச் சராசரியாக 4.8 கோடி கேலன், அதாவது 18 கோடி லிட்டர் தண்ணீரைத் தள்ளுகிறது. இது மணலில் வடிகட்டி வரும் நீர் அல்ல. சுற்றுவட்டார நிலத்தில் பெய்த மழை, பள்ளங்கள் வழியே பாறைக்குள் விழுந்து, குழாயில் ஓடுவதுபோல ஓடி வருகிறது. மேலே பள்ளத்தில் சிந்திய எண்ணெயும் சோப்பும் அப்படியே இங்கே வந்து சேரும். பளிங்குபோல் இருக்கிறதே என்று அள்ளிக் குடிப்பதும் கூடாது. எச்சில் தட்டையெல்லாம் துடைத்துப் பையில் கட்டி, வீட்டுக்கே கொண்டுபோன பொறுமைக்கும் சேர்த்தே இந்தக் கும்பிடு.

குகை வாயில் கம்பிக் கதவு போட்டுப் பூட்டியவர்களை நாங்கள் குறை சொல்லப் போவதில்லை. வெண்மூக்கு நோயை உண்டாக்கும் பூஞ்சை, குளிர்கால உறக்கத்தில் இருக்கும் வௌவால்களைக் கொத்துக்கொத்தாகக் கொல்கிறது. அதன் வித்துகள் ஒரு குகையிலிருந்து இன்னொன்றுக்கு மனிதர்களின் காலணியிலும் துணியிலும் போகக்கூடும்.

காட்டுக்குத் திட்டமிட்டுத் தீ வைக்கும் பணியாளர்களையும் மறக்கக் கூடாது. கரிந்த அடிமரத்தைப் பார்த்துக் காட்டுத்தீ என்று பதறுகிறவர்கள் அதிகம். தரையோடு போகும் அந்தச் சிறுதீ இல்லாவிட்டால் சிவப்பு சீடர் என்ற ஊசியிலை மரம் அடர்ந்து ஓக் மரத்தடிப் புல்லையும் பூவையும் மூடிவிடும். தீ வைக்கும் நாளில் சில பாதைகளை மூடுவார்கள். போகும் முன் பூங்கா அலுவலகத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது.

நுழைவுக் கட்டணம் இல்லாமல் உள்ளே போனோம் என்றால் அதற்குக் காரணம் மிசோரி வாக்காளர்கள். 1984இல் அவர்கள் ஒப்புக்கொண்ட விற்பனை வரி, நூறு டாலருக்குப் பத்து சென்ட். அதில் பாதி மாநிலப் பூங்காக்களுக்கும் பாதி மண், நீர்ப் பாதுகாப்புக்கும் போகிறது. இதுவரை பலமுறை வாக்களித்து அதை நீட்டித்திருக்கிறார்கள். நம் மளிகைச் சீட்டிலும் அந்தச் சில்லறை இருக்கிறது, எனவே நமக்கும் கொஞ்சம் நன்றி சொல்லிக்கொள்ளலாம்.

சமைத்தவர்களைக் கடைசியில் வைத்தது தள்ளுபடி செய்ய அல்ல. புளியோதரைக்குச் சோற்றை உதிரியாக ஆறவிட்டுக் கிளறியதால் மதியம் வரை கெடவில்லை. தயிர் சாதத்தில் சுடுசோற்றில் பாலை ஊற்றிப் பிசைந்து, நன்றாக ஆறிய பின் ஒரு கரண்டி மட்டும் தயிர் விட்டிருந்தீர்கள். வெயிலில் அது சாப்பிடும் நேரத்துக்குச் சரியாகத் தோய்ந்திருந்தது. குழந்தைகள் இரண்டாம் முறை கேட்டதே அத்தாட்சி.

நன்றியுடன்,
மிசோரி வாழ் தமிழ் நடைப்பயணக் குழுவினர்

பி.கு.: உண்ணி மருந்து வாங்கிவந்த அண்ணனுக்கு நன்றி விட்டுப்போயிற்று. பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து துணிக்கும் செருப்புக்கும் மட்டும், அடித்துக் காயவைத்த பிறகே போட வேண்டும். தோலுக்கு டீட் என்ற பூச்சிவிரட்டி. திரும்பியதும் அக்குள், முட்டிக்குப் பின்புறம், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெய் தடவாதீர்கள், நெருப்புக் காட்டாதீர்கள். நுனி மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். மிசோரியில் நிறைய இருக்கிற லோன் ஸ்டார் உண்ணி கடித்துச் சிலருக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி ஒவ்வாமை வருகிறது. சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்துத் தடிப்போ வயிற்றுவலியோ வந்தால், டாக்டரிடம் உண்ணி கடித்ததையும் சொல்லுங்கள்.