செக்குபந்தி பார்க்கத் தெரிந்தவருக்கு எத்தனை மதிப்பெண்? என்.ஐ.ஆர்.எஃப். பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: என்.ஐ.ஆர்.எஃப். எனும் தேசிய நிறுவனத் தரவரிசைக் கட்டமைப்பில் சட்டக் கல்வி நிறுவனங்களுக்குத் தரவரிசை தயாரிக்கும் பொறுப்பாளர்கள், தேசிய அங்கீகார வாரியம், புது தில்லி.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்கு நடத்திப் பிழைக்கும் வழக்கறிஞர் நான். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் கட்சிக்காரர்கள் வாய்தா தேதியோடு இன்னொன்றும் கேட்பார்கள். "சார், பொண்ணு லா படிக்கணும்ங்குது, எந்த காலேஜ்ல போடலாம்?" நான் வாய் திறப்பதற்குள் செல்போன் என் முன்னால் நீளும். திரையில் இருப்பது உங்கள் பட்டியல். அதில் வராத கல்லூரி கல்லூரியே இல்லை என்ற முடிவோடுதான் பலரும் வருகிறார்கள். அதனால்தான் இதை உங்களுக்கே எழுதுகிறேன்.

2018ல் சட்டத்துக்கென்று தனிப் பட்டியல் போட ஆரம்பித்தீர்கள். அன்று முதல் ஆண்டுதோறும் பெங்களூரு தேசிய சட்டப் பள்ளிதான் முதலிடம். அதில் எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை, தகுதியான இடம்தான். நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சட்டக் கல்லூரிகள் இருக்க, நீங்கள் வரிசைப்படுத்துவது சில பத்துகளை மட்டுமே. அதையும் விட்டுவிடலாம். என் கேள்வி வரிசையைப் பற்றியது அல்ல, நீங்கள் கல்லூரிகளுக்கு அனுப்பும் படிவத்தைப் பற்றியது.

கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் போட்டிருக்கும் விவரத் தாள்கள் சிலவற்றைப் படித்துப் பார்த்தேன். படிப்பை முடித்தவர் எத்தனை பேர், வேலையில் அமர்ந்தவர் எத்தனை பேர், அவர்களுடைய இடைநிலைச் சம்பளம் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் தொகை) என்ன, மேற்படிப்புக்குப் போனவர் எத்தனை பேர். பட்டதாரிகளைப் பற்றிய கட்டங்கள் இவ்வளவுதான். பொறியியலுக்கும் மேலாண்மைக்கும் இது பொருந்தலாம். சட்டம் படித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்து, கோட்டு மாட்டிக்கொண்டு முன்சிஃப் கோர்ட் வாசலில் நிற்பவரைக் கல்லூரி எந்தக் கட்டத்தில் எழுத வேண்டும்? வேலையில் இருக்கிறார் என்று எழுதினால் அடுத்த கட்டம் சம்பளம் கேட்கிறது. எழுதாமல் விட்டால் வேலை கிடைக்காதவர் கணக்கில் விழுகிறார். எப்படி எழுதினாலும் கல்லூரிக்கு நஷ்டம். கார்ப்பரேட் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் எழுதப் போனவர் மட்டும் லாபக் கணக்கு.

கோர்ட் வாசலில் நிற்கும் ஜூனியரின் சம்பளம் எவ்வளவு என்பது ஊருக்கே தெரியும். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமே தலையிட்டு, ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தர பார் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்றது. அப்படியொரு உத்தரவு தேவைப்பட்டது என்றால் அதற்குமுன் நிலைமை என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. (எத்தனை சீனியர்கள் அதைக் கடைப்பிடிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள், பார் அசோசியேஷனில் எனக்குச் சண்டை வந்துவிடும்.)

என் ஜூனியர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். தென் மாவட்ட அரசு சட்டக் கல்லூரி ஒன்றில் படித்தவர். வீட்டில் முதல் பட்டதாரி. ஒரு பாகப்பிரிவினை வழக்கில் பிராதின் (வழக்கு மனுவின்) சொத்து விவரத்தைப் பழைய மூலப்பத்திரத்தோடு வரி வரியாக ஒப்பிட்டு, மூன்றாவது அயிட்டத்தில் செக்குபந்தி, அதாவது நிலத்தின் நான்கு பக்க எல்லை விவரம், மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார். வடக்கே வாய்க்கால் என்று இருக்க வேண்டிய இடத்தில் வண்டிப்பாதை. அதை அப்படியே விட்டிருந்தால் டிக்ரி வாங்கி, நிறைவேற்று மனு போட்டு, கோர்ட் ஊழியரான அமீனா நிலத்தில் போய் நிற்கும்போது சொத்து அங்கே இருந்திருக்காது. பல வருட வழக்கு பாழாகியிருக்கும். உடனே திருத்த மனு போட்டோம். கீழ்க் கோர்ட்டில் சட்டம் படித்தவரின் வேலை இதுதான். இதைக் கற்றுக்கொடுத்த கல்லூரிக்கு உங்கள் தாளில் ஒரு மதிப்பெண் கிடைக்குமா?

உங்கள் கணக்கை இன்னும் விசித்திரமாக்கும் செய்தி ஒன்று உண்டு. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம், சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்ற விதியை மீண்டும் கொண்டுவந்தது. ஆக, நாளைய கீழமை நீதிபதிகள் எல்லாரும் இன்றைய ஜூனியர்களில் இருந்துதான் வரவேண்டும். நாட்டின் உச்ச நீதிமன்றம் கட்டாயம் என்று சொல்லும் அந்த மூன்று வருடத்துக்கு உங்கள் படிவத்தில் கட்டமே கிடையாது.

ஆய்வுக்கான மதிப்பெண்ணும் ஏறக்குறைய இதே கதைதான். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற பன்னாட்டு ஆய்விதழ்த் தொகுப்புகளில் ஏறிய கட்டுரைகளை எண்ணுகிறீர்கள். நில உரிமைச் சட்டம் பற்றித் தமிழில் நூல் எழுதும் பேராசிரியர் அந்தத் தொகுப்புகளுக்குள் வரவே போவதில்லை. தமிழ்நாட்டுக் கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ் என்பதையும் இங்கே நினைவுபடுத்திக்கொள்கிறேன். பன்முகத்தன்மைப் பகுதியில் வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களுக்கு மதிப்பெண் வைத்திருக்கிறீர்கள். ராமநாதபுரத்திலும் தருமபுரியிலும் அரசு சட்டக் கல்லூரி திறந்ததே அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் வீட்டிலிருந்து போய்ப் படிக்கட்டும் என்றுதான். அவர்கள் பஞ்சாபிலிருந்து மாணவரைத் தேடிப் பிடிக்க வேண்டுமா என்ன?

கல்லூரி வாங்கும் கட்டணம் எவ்வளவு என்பது உங்கள் பட்டியலில் இல்லை. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக் கட்டணம் லட்சங்களில் ஓடுகிறது. அங்கே நுழைவதற்கான கிளாட் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. விண்ணப்பிக்கவே பொதுப் பிரிவினருக்கு 4,000 ரூபாய். இங்கே அரசு சட்டக் கல்லூரியில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கிறார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைத்துவிட்டுச் சம்பளத்தை மட்டும் எடைக்கல்லாகப் போட்டால் முள் எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாதா?

அரசு சட்டக் கல்லூரிகளின் குறைகளுக்காக நான் வக்காலத்து போடவில்லை. ஆசிரியர் பணியிடங்கள் காலியாகக் கிடப்பதும், தேர்வுக்கு முந்தைய வாரம் கைடு படித்துத் தேறுவதும் எனக்குத் தெரியும். அவை மதிப்பெண்ணில் அடி வாங்கட்டும். அதோடு ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள்: 2023ல் வழக்கறிஞர் நிலையிலிருந்து நேரடியாக உச்ச நீதிமன்ற நீதிபதியான கே.வி. விசுவநாதன் படித்தது கோவை சட்டக் கல்லூரியில். இந்தியத் தலைமை நீதிபதியாக இருந்த ப. சதாசிவம் படித்தது சென்னை அரசு சட்டக் கல்லூரியில். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் பெருகாத காலத்து ஆட்கள் என்பீர்கள். சரிதான். ஆனால் இப்போது அவர்களைப் போல ஒருவர் அரசு சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தால் அதை உங்கள் தாள் எப்படி அறியும்?

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் யு.எஸ். நியூஸ் பத்திரிகையின் தரவரிசைப் பட்டியலில் வருடக்கணக்காக முதலிடத்தில் இருந்த யேல் சட்டப் பள்ளியே 2022 நவம்பர் 16 அன்று "இனி விவரம் தரமாட்டோம்" என்று வெளியேறியது. ஹார்வர்டும் அதே நாளில் விலகியது. பள்ளியே தரும் உதவித்தொகையில் பொதுநல வழக்குப் பணிக்குப் போகும் பட்டதாரிகளை அந்தப் பட்டியல் கிட்டத்தட்ட வேலையில்லாதவர்களாக எண்ணியது என்பது யேலின் முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஒன்று. அடுத்த சில வாரங்களிலேயே பத்திரிகை கணக்கிடும் முறையை மாற்ற வேண்டியதாயிற்று. முதலிடத்தில் இருந்தவர்கள் சொன்னதால் மாற்றினார்கள். தருமபுரிக் கல்லூரி சொன்னால் நீங்கள் கேட்பீர்களா என்பது எனக்குச் சந்தேகமே.

அந்த நாட்டிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது இன்னொன்று. ஒவ்வொரு சட்டப் பள்ளியும் தன் பட்டதாரிகள் என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று வகை பிரித்து வெளியிட வேண்டும் என்பது அமெரிக்க பார் அசோசியேஷனின் விதி. பட்டம் பெற்ற இரண்டாண்டுக்குள், வழக்கறிஞர் தொழிலுக்கான பார் தேர்வு எழுதியவர்களில் 75 சதவீதம் பேராவது தேறியிருக்க வேண்டும் என்பதும் விதி. இங்கே 2011 மார்ச்சில் முதன்முறையாக நடந்த அகில இந்திய பார் தேர்வு இன்றும் நடக்கிறது. எந்தக் கல்லூரியில் எத்தனை பேர் தேறினார்கள் என்ற பட்டியலை இந்திய பார் கவுன்சிலிடமிருந்து வாங்கிப் போட உங்களுக்கு என்ன தடை? கல்லூரி தானே எழுதித் தரும் எண்ணை நம்புவதைவிட அது எவ்வளவோ மேல். இப்படிச் சுயமாகத் தரும் விவரங்களைக் கேள்விக்குள்ளாக்கிய வழக்கில்தான் 2025 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உங்கள் பட்டியலுக்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டம்பரில் பட்டியல் வந்துவிட்டது. கேள்வி அப்படியே இருக்கிறது.

அடுத்த ஆண்டுப் படிவத்தில் மூன்று வரி சேருங்கள். வழக்கறிஞராகப் பதிவு செய்தவர் எத்தனை பேர். மூன்றாண்டு கழித்தும் தொழிலில் இருப்பவர் எத்தனை பேர். நீதிபதி தேர்விலும் அரசு வழக்கறிஞர் தேர்விலும் தேறியவர் எத்தனை பேர். இந்த மூன்றையும் இடைநிலைச் சம்பளத்துக்குச் சமமான எடையோடு கணக்கில் எடுங்கள். பக்கத்திலேயே ஐந்தாண்டுக்கான மொத்தக் கட்டணத்தையும் அச்சிடுங்கள். சட்ட உதவி மையம் நடத்த வேண்டும் என்று பார் கவுன்சிலின் 2008 விதிகள் எல்லாக் கல்லூரிகளுக்கும் சொல்கின்றன. பலகை மட்டும் மாட்டியிருக்கிறதா, மனு எழுதித் தருகிறார்களா என்று ஒருவரை அனுப்பிப் பார்த்துவிட்டு மதிப்பெண் போடுங்கள்.

படிவக் குழுவில் விசாரணை நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவரைச் சேர்ப்பதாக இருந்தால் வருவதற்கு எங்கள் பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள். கோர்ட் விடுமுறை நாளாகப் பார்த்து அழையுங்கள்.

இப்படிக்கு,
மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவர்