கயோட்டி கல்ச் நடைப்பயணம்: துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லாருக்கும்,

வணக்கம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், எஸ்கலாண்டே ஊருக்குத் தென்கிழக்கே இருக்கும் கயோட்டி கல்ச் என்ற பாலைவனப் பள்ளத்தாக்கில் நான்கு நாள் நடந்துவிட்டு, நானும் என் கணவரும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். நாங்கள் நல்லபடியாக வந்ததற்குக் காரணமானவர்களில் பாதிப்பேருக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்குத் தனியாகக் கடிதம் போட்டாயிற்று. ஆனாலும் நம் மொழியில் ஒரு முறை சொன்னால்தான் எனக்கு மனசு நிறையும்.

முதலில், எஸ்கலாண்டே தகவல் மையத்தில் இருந்த ரேஞ்சர் அம்மாவுக்கு. இரவு தங்க அனுமதிச் சீட்டு வாங்க உங்களிடம் வந்தபோது வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. நீங்கள் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு, "நீங்கள் நடக்கிற இடத்தில் மழை பெய்யாது. மேலே கைபாரோவிட்ஸ் மேட்டில் பெய்யும். அந்தத் தண்ணீர் உங்களைத் தேடி வரும். ஒரு நாள் பொறுத்துப் போங்கள்" என்றீர்கள். கெஞ்சி வாங்கிய விடுப்பில் ஒரு நாள் போகிறதே என்று எனக்கு வருத்தம்தான். இருந்தாலும் பொறுத்தோம். மறுநாள் ஹரிக்கேன் வாஷ் என்ற வறண்ட ஓடைப் படுகை வழியாக இறங்கினோம். முதல் சில மணி நேரம் வெறும் மணல். அப்புறம் இரண்டு பக்கமும் பாறைச் சுவர் நெருங்கி வந்தது. அங்கே வில்லோ புதர்களில் என் இடுப்பு உயரத்துக்குச் சருகும் சுள்ளியும் சிக்கிக் கிடந்தன. கையை வைத்துப் பார்த்தேன், சேறு இன்னும் காயவில்லை. ஏறி ஒதுங்க அந்த இடத்தில் ஒரு படி அகலம்கூடக் கிடையாது. அம்மா, நாங்கள் இரண்டு பேரும் அங்கே ஒரு வார்த்தை பேசாமல் நின்றோம்.

அடுத்து, தண்ணீர் வடிகட்டியும் மடக்கு வாளியும் கொடுத்து அனுப்பிய என் கணவரின் நண்பருக்கு. வாளி எதற்கு, வீண் சுமை என்றுதான் நினைத்தேன். ஓடைத் தண்ணீரை வாளியில் ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தால் வண்டல் அடியில் தங்கிவிடும், மேலாக இருப்பதை மட்டும் வடிகட்ட வேண்டும், இல்லாவிட்டால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும் என்று நீங்கள் சொன்னது எவ்வளவு சரி! ஜேக்கப் ஹாம்ப்ளின் என்ற இயற்கைப் பாறை வளைவுக்குப் பக்கத்தில் பாறையிலிருந்தே ஊற்று கசிகிறது என்று எதிரே வந்த இரண்டு வயதான பெண்கள் சொன்னார்கள். அவர்களுக்கும் நன்றி. மேலே பெய்த மழை நவாஹோ மணற்பாறைக்குள் ஊறி மெதுவாக இறங்கி, சுவரில் கசிந்து வருகிறது. அந்த ஈரம் பட்ட இடத்தில் மட்டும் பச்சைப் பசேலென்று பெரணி. சுற்றிலும் பாலைவனம்!

அக்கா, எங்கள் பிள்ளையையும் வைத்துக்கொண்டு, எங்கள் பயணத் திட்டத்தையும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தீர்கள். ஞாயிறு இரவு எட்டு மணிக்குள் போன் வராவிட்டால் ஷெரிஃப் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்ற பொறுப்பு லேசானதல்ல. அங்கே செல்போன் சிக்னலே கிடையாது. ஏழே முக்காலுக்கு நாங்கள் கூப்பிட்டபோது முதல் மணியிலேயே எடுத்தீர்கள். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள் என்று புரிந்தது.

இனி, பழைய பிக்கப் வண்டியில் வந்த பண்ணைக்காரப் பெரியவருக்கு.

ஐயா, வியாழன் காலை வழி தவறி ஒரு கிளைச்சாலையில் நுழைந்து, உங்கள் கம்பிவேலிக் கதவைத் திறந்துவிட்டு, மூட முடியாமல் இருவரும் போராடிக்கொண்டிருந்தோம். நீங்கள் கோபிப்பீர்கள் என்று பயந்தேன். நீங்கள் இறங்கி வந்து, கதவுக் கழியின் அடியைக் கீழே இருக்கும் கம்பி வளையத்தில் நுழைத்து, கழியைத் தோளால் நெருக்கித் தள்ளி, மேல் வளையத்தை மாட்டிக் காட்டினீர்கள். பிறகு அவிழ்த்துவிட்டு, என்னையும் ஒரு முறை செய்யச் சொன்னீர்கள். இந்தக் கதவு திறந்து கிடந்தால் மாடு கலைந்துவிடும், திறந்திருக்க வேண்டியதை மூடினால் மாட்டுக்குத் தண்ணீர் கிடைக்காது, அதனால் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போக வேண்டும் என்றீர்கள். அதுவரை அந்த இடத்தை ஆளில்லாக் காடு என்றே நினைத்திருந்தேன். 1996இல் தேசிய நினைவுச்சின்னமாக, அதாவது பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதியாக, அறிவிக்கப்பட்ட அரசு நிலம் என்றாலும், கோடையில் மலையிலும் குளிர்காலத்தில் கீழே பாலைவனத்திலுமாக அங்கே இன்றும் மாடு மேய்கிறது என்பது உங்களால்தான் தெரிந்தது.

ஞாயிறு மதியம் திரும்பும்போது, வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய மணலில் எங்கள் கார் அச்சு வரை புதைந்துவிட்டது. 1879இல் புது இடத்தில் குடியேறப் புறப்பட்ட சுமார் 250 பேர் மாட்டு வண்டி, குதிரை வண்டிகளோடு போன பாதை அது. ஆறு வாரத்தில் முடியும் என்று கிளம்பியவர்களுக்கு ஆறு மாதம் ஆனது. கையால் மணலைத் தோண்டிக்கொண்டே இரண்டு மணி நேரம் அவர்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உங்கள் வண்டியின் புழுதி தெரிந்தது. "ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னீர்களே, அதான் இந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன்" என்றீர்கள். வியாழனன்று பேச்சோடு பேச்சாகக் கேட்டதை மூன்று நாளும் மறக்காமல் மனதில் வைத்திருந்திருக்கிறீர்கள்.

வண்டி இழுக்கும் பட்டையைக் கட்டி ஐந்து நிமிடத்தில் காரை இழுத்துவிட்டு, மேலே சாலை இன்னும் மோசம் என்று அந்தப் பட்டையையும் எங்களிடமே கொடுத்து அனுப்பினீர்கள். சொன்னபடி ஊரில் பெட்ரோல் பங்கில் ஒப்படைத்துவிட்டோம். பணம் வேண்டாம் என்று கையை மறித்துவிட்டு, அந்தக் கதவை நினைவிருக்கிறதா என்று என்னைக் கேட்டீர்கள். நினைவிருக்கிறது, ஐயா. கீழ் வளையம் முதலில், மேல் வளையம் அப்புறம்.