கம்பளி போட்டோவும் கரிச்சட்டியும்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்ங்க. நான் ஊட்டி பக்கத்துல இருக்கற வாசகி, சர்ச்சுக்கு போறவ, பெண்கள் ஐக்கிய சங்கத்துல ரொம்ப வருஷமா இருக்கேன். லெட்டர் எழுதி பழக்கமில்ல, தப்பு இருந்தா திருத்தி போட்டுக்கங்க.

போன டிசம்பர்ல உங்க பேப்பர்ல நம்ம மாவட்ட பக்கத்துல கம்பளி குடுக்கற போட்டோ ஒன்னு மாத்தி ஒன்னு வந்துட்டே இருந்துச்சு. ஒரு போட்டோவுல ஒரே கம்பளிய ஆறு பேர் புடிச்சுகிட்டு கேமராவ பாத்து நிக்கறாங்க, வாங்கற பாட்டி எங்கன்னு தேட வேண்டியிருக்கு. கேலி பண்றேன்னு நெனைக்காதீங்க, மூணு வருஷத்துக்கு முன்னாடி அப்படி ஒரு போட்டோவுல கம்பளியோட ஓரத்த புடிச்சுகிட்டு நானும் நின்னிருக்கேன், அந்த பேப்பர வெட்டி பீரோவுல வச்சிருக்கேன்.

என் கவலை போட்டோ கூட இல்லங்க, தேதி. எங்க பக்கம் நவம்பர்லயே உறைபனி ஆரம்பிச்சுடும், தலைகுந்தா காந்தல் பக்கமெல்லாம் காலைல பாத்தா புல்லு மேல உப்பு கொட்டி வச்ச மாதிரி கெடக்கும், டிசம்பர் ஜனவரில ராத்திரி ஜீரோ வரைக்கும் எறங்கிடுது. நாங்க கம்பளி குடுக்கறது கிறிஸ்துமஸ்க்கு ரெண்டு நாள் முன்னாடி, மேடை போட்டு பேனர் கட்டி. அதுக்குள்ள ஒரு மாசம் நடுங்கி முடிச்சிருப்பாங்க. நவம்பர்லயே குடுத்துடலாமேன்னு கமிட்டில சொன்னேன், சீஃப் கெஸ்ட் டிசம்பர்ல தான் ஃப்ரீயாம், பதில் வந்துச்சு. குளிர் சீஃப் கெஸ்ட்ட கேட்டுட்டா வருது?

பைபிள்ல யாக்கோபு நிருபம் 2ஆம் அதிகாரத்துல ஒரு வசனம் இருக்கு, துணியும் சாப்பாடும் இல்லாதவன பாத்து சமாதானமா போங்க, "குளிர்காய்ந்து பசியாறுங்கள்"னு வாயால மட்டும் சொல்லிட்டு ஒன்னும் குடுக்கலன்னா என்ன பிரயோஜனம்னு கேக்குது. இத சமவெளில வாசிக்கறவங்களுக்கு பசி தான் மொதல்ல தெரியும், எங்களுக்கு அந்த குளிர்காயற வார்த்தை தான் சுருக்குன்னு குத்தும். ஏன்னா இங்க குளிர்காயப் போயி உசுரே போகப் பாத்த வீடு இருக்கு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக்கு கீழ ஒரு லைன் வீட்ல, அதாவது தோட்டத்து ஆளுங்களுக்கு வரிசையா கட்டின வீட்ல, ஜார்கண்ட்லேர்ந்து வந்த குடும்பம் இருந்துச்சு, புருஷன் பொண்டாட்டி ஒரு சின்ன கொழந்த. கொழுந்து எடுக்கற வேலை, சில நாள் கேரட் புடுங்க விடியறதுக்கு முன்னாடியே லாரில போயிடுவாங்க. ஒரு போர்வை தான் மூணு பேருக்கும். ஒரு நாள் ராத்திரி பழைய பெயின்ட் டப்பால அடுப்புக்கரிய போட்டு நல்லா கனல விட்டு, வீட்டுக்குள்ள கொண்டு வந்து வச்சு, காத்து வராம இருக்க கதவு இடுக்குல சாக்க அடச்சுட்டு படுத்துட்டாங்க. நடுராத்திரில கொழந்த வாந்தி எடுத்து அழுததுல அவளுக்கு முழிப்பு வந்து எப்படியோ ஊர்ந்து போயி கதவ தொறந்திருக்கா, தொறந்த எடத்துலயே விழுந்துட்டா. சத்தம் கேட்டு நாங்க நாலு பேர் ஓடினோம். கடவுள் புண்ணியத்துல மூணு பேரும் பொழச்சாங்க.

ஆஸ்பத்திரில டாக்டர் விளக்கி சொன்னாரு. கனல்ற கரில பொகை இருக்காது, அதனால தான் பயமில்லன்னு நெனைக்கறாங்க, ஆனா மூடின ரூம்ல அதுலேர்ந்து கார்பன் மோனாக்சைடு வருது, அதுக்கு நிறமும் இல்ல வாசனையும் இல்ல. ரத்தத்துல ஆக்சிஜன எடுத்துட்டு போற ஹீமோகுளோபின்ல இது ஆக்சிஜனவிட 200 மடங்குக்கும் மேல இறுக்கமா ஒட்டிக்குமாம். மொதல்ல தலவலி, வாந்தி, அப்பறம் தூக்கம், அந்த தூக்கத்துலயே முடிஞ்சுடும். நம்ம ஊர்க்காரங்களுக்கு கரிய வாசல்ல வச்சு காஞ்சுட்டு வெளியவே அணைச்சுட்டு வரணும்னு பெரியவங்க சொல்லி தெரியும். புதுசா வந்தவங்களுக்கு யாரு சொல்றது? டூர் வந்த எடத்துல பார்பிக்யூ அடுப்ப ரூமுக்குள்ள வச்சு செத்துப் போன செய்தி உங்க பேப்பர்லயே நான் படிச்சிருக்கேன்.

அந்த வருஷம் எங்க கம்பளி லிஸ்ட்ல அந்த குடும்பம் இல்லைங்க. ஏன் இல்லன்னா லிஸ்ட் போட்டது நாங்க, எங்களுக்கு தெரிஞ்ச முகம் தான் எங்க லிஸ்ட். அதோட ஆதார் ஜெராக்ஸ் வேற கேட்டிருந்தோம், லோக்கல் அட்ரஸ் இருக்கணும்னு. அன்னிக்கு எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்துச்சு. நாங்க தாயகம் திரும்பியோர், அது சர்க்கார் பேரு, ஊர்ல எங்கள கூப்பிட்டது சிலோன்காரங்கன்னு. சிலோன் தோட்டத்துல வேலை செஞ்ச தமிழங்கள இந்தியா திருப்பி எடுத்துக்க 1964ல சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துல வந்தவங்க, தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல எறங்கி மண்டபம் முகாம்ல இருந்துட்டு ஒரு தகரப் பொட்டியோட இந்த மலைக்கு வந்தாங்க. வந்த மொத வாரம் எங்கம்மாவுக்கு கம்பளி குடுத்தது யாரு தெரியுமா, பக்கத்து ஹட்டில, அதாவது படுகர் ஊர்ல இருந்த ஒரு படுகர் வீட்டம்மா, ஹெத்தையம்மன கும்புடறவங்க. பேரு கேக்கல, கார்டு கேக்கல, சாயந்திரம் நடுங்கறத பாத்துட்டு உள்ள போயி எடுத்துட்டு வந்து போத்திட்டு போயிட்டாங்களாம். எங்கம்மா சாகற வரைக்கும் மத்தேயு 25ல "அந்நியனாயிருந்தேன்", என்ன சேத்துகிட்டீங்கன்னு இயேசு சொல்றத வாசிக்கறப்பெல்லாம் அந்தம்மாவ தான் சொல்லுவாங்க. நாங்க அம்பது வருஷத்துல லோக்கல் ஆயிட்டோம், இப்ப வந்தவங்க கிட்ட அட்ரஸ் ப்ரூஃப் கேக்கறோம்.

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்துல இதே சண்டை தான் நடந்திருக்கு. கிரேக்க பாஷை பேசற விதவைங்கள சாப்பாட்டு பந்தில விட்டுட்டீங்கன்னு முறுமுறுப்பு வந்துச்சு. அதுக்கு ஏழு பேர தெரிஞ்செடுத்து அந்த வேலைய ஒப்படைச்சாங்க, ஏழு பேரோட பேரும் கிரேக்க பேரு. விட்டுப் போன கூட்டத்து கையிலயே பொறுப்ப குடுத்துட்டாங்கன்னு தான் நான் எடுத்துக்கறேன். அதுல மொத ஆளு ஸ்தேவான். ஊட்டில செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச் அவர் பேர்ல தான இருக்கு, 1829ல அஸ்திவாரம் போட்டாங்க, உத்தரத்து மரமெல்லாம் ஸ்ரீரங்கப்பட்டினத்துல திப்பு சுல்தான் அரண்மனைலேர்ந்து கொண்டு வந்ததுன்னு டூரிஸ்ட்டுக்கு நல்லா சொல்லுவாங்க. ஸ்தேவான் விதவைங்களுக்கு சோறு பரிமாறற வேலைக்கு நின்னவருன்னு சொல்லி நான் கேட்டதில்ல, அத யாரு போட்டோ எடுக்க போறா.

சரி, விஷயத்துக்கு வரேன். போன நவம்பர்ல நாங்க அஞ்சு பொம்பளைங்க கமிட்டிய எதிர்பாக்காம ஒன்னு செஞ்சோம். பிடி அரிசி தெரியுமில்லைங்களா, சமைக்கறப்போ ஒரு கைப்பிடி எடுத்து டப்பால போட்டு ஞாயித்துக்கெழம சர்ச்சுக்கு கொண்டு வர்றது, அந்த மாதிரியே தனியா ஒரு டப்பா வச்சு அரிசிய வித்து, கைக்காசும் போட்டு 32 கம்பளி வாங்கினோம். சர்ச்சுல அறுப்பின் பண்டிகைக்கு காணிக்கையா வர்ற காய்கறிய ஏலம் விடறப்போ ஒரு முட்டகோஸ் 1,500 ரூபாய்க்கு போறத பாத்திருக்கேன், அந்த முட்டகோஸ் ஒன்னே போதும் அஞ்சாறு கம்பளி வந்திருக்கும், அது வேற கதை. லிஸ்ட்ட நாங்க போடல. அந்த ஜார்கண்ட் பொண்ண தான் கேட்டோம், இப்ப அவ தமிழ் ஓரளவுக்கு பேசறா. கேரட் கழுவற ஷெட்டுக்கு பின்னாடி தகரம் அடிச்சு மூணு குடும்பம் இருக்குன்னு அவ சொல்லி தான் தெரியும், இத்தன வருஷமா அந்த ரோட்ல தான் நடக்கறோம். இருட்டினப்பறம் போயி குடுத்தோம். பேனர் இல்ல, ஜெபம் கூட எங்க வீட்டுக்கு திரும்பி வந்து தான் பண்ணினோம், கம்பளி வாங்கின கையோட கட்டாயமா தலை குனிய வைக்கறது எனக்கு புடிக்கல. ஒவ்வொரு வீட்லயும் ஹிந்தில "கோய்லா அந்தர் நஹி"ன்னு, கரி உள்ள வேண்டாம்னு, நான் சொல்ல சொல்ல அவ சிரிச்சுகிட்டே அத சரியா சொல்லி குடுத்தா. கம்பளிய விட அந்த ஒரு பேச்சுக்கு தான் நேரம் ஆச்சு.

போட்டோ இல்லன்னா அடுத்த வருஷம் காணிக்கை வராதுன்னு எங்க பொருளாளர் சொல்றாரு. அதுல ஓரளவு உண்மை இருக்கு, மறுக்கல. கணக்கு காட்ட கடை பில்லு போதும், வாங்கறவங்க மொகம் எதுக்குன்னு நான் கேக்கறேன். வலது கை செய்யறது இடது கைக்கு தெரிய வேண்டாம்னு படிச்சவங்க தான நாம, எங்க ரெண்டு கையும் கம்பளியோட ரெண்டு ஓரத்துல தான இருக்கு.

ஐயா உங்ககிட்ட ஒரே ஒரு கோரிக்கை. இந்த வருஷம் நவம்பர் மொத வாரத்துல நீலகிரி பக்கத்துல ஒரு சின்ன கட்டம் போடுங்க. கரிச்சட்டிய வீட்டுக்குள்ள கொண்டு போகாதீங்க, தலவலி வாந்தி வந்தா ஒடனே கதவு ஜன்னல தொறந்துட்டு வெளிய வாங்க, 108க்கு போன் பண்ணுங்கன்னு நாலு வரி. முடிஞ்சா ஹிந்திலயும் கீழ ரெண்டு வரி, பேப்பர வெட்டி லைன் வீட்டு சுவத்துல ஒட்டறது எங்க வேலை. எடம் இல்லன்னா ஒரு கம்பளி போட்டோவ எடுத்துட்டு போடுங்க, எங்க சபையோடதா இருந்தாலும் பரவால்ல.

பேரு போட வேண்டாம்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஊட்டி