பயிற்சி செய்யாதவர்களுக்கு என்ன ஆயிற்று?

ஆசிரியருக்கு, வணக்கம்.

'இந்தப் பயிற்சி செய்த பலருக்கு மறதி குறைந்தது' என்கிற மாதிரிச் செய்திகள் அடிக்கடி வருகின்றன. சரி, பயிற்சி செய்யாதவர்களுக்கு? அந்த ஒரு வரி பெரும்பாலும் இருப்பதில்லை. பயிற்சி செய்யாத ஓர் ஒப்பீட்டுக் குழு வேண்டும், யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கலில் முடிவு செய்ய வேண்டும் என்று உளவியல் மாணவர்களுக்குத் தொடக்கத்திலேயே சொல்லித்தருகிறோம். ஆர்வம் உள்ளவர்கள் மட்டும் பயிற்சிக்கு வந்தால், பலன் பயிற்சியாலா ஆர்வத்தாலா என்று பிரிக்கவே முடியாது.

இதைக் கேட்க நமக்கு ஏன் தோன்றுவதில்லை? உளவியலாளர் பீட்டர் வேசன் 1960இல் வெளியிட்ட சோதனையில் 2, 4, 6 என்ற எண்களைக் கொடுத்து, அவற்றின் விதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். வேறு மூன்று எண்களைச் சொல்லி, அவை விதிக்குப் பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளலாம். பலரும் 8, 10, 12 என்று தங்கள் ஊகத்துக்கு ஒத்துவருவதையே சொல்லிப் பார்த்து, 'இரண்டிரண்டாகக் கூடும்' என்று முடிவுகட்டினார்கள். விதியோ வெறும் ஏறுவரிசை. 1, 2, 3 என்று ஒரு தடவை கேட்டிருந்தால் அந்த ஊகம் உடைந்திருக்கும். பயிற்சி செய்து பலன் பெற்றவர்களை மட்டும் பார்ப்பதும் இதே மாதிரிதான்.

ஆய்வுச் செய்தி போடும்போது எத்தனை பேர், ஒப்பீட்டுக் குழு இருந்ததா, குலுக்கலில் பிரித்தார்களா என்பதையும் தயவுசெய்து சேர்த்துப் போடுங்கள். இல்லையென்றால், தலைப்பிலாவது வெறும் தொடர்பைக் காரணமாக்க வேண்டாம்.

– உளவியல் ஆசிரியை ஒருவர்