பெல்வில் வேளாண் உணவுத் தொழில்நுட்ப நிலையத்தாருக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம். கேப் டவுன் ரைலண்ட்ஸ் பகுதியில் குடும்பத் தொழிலாக ஊறுகாய் செய்து விற்றுவரும் நாங்கள், எங்கள் மாங்காய் ஊறுகாய் அக்கம்பக்கத்துக் கடைகளைத் தாண்டிப் பேரங்காடியிலும் இடம்பிடிக்கக் காரணமானவர்களுக்கு எல்லாரும் அறிய நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். முதல் நன்றி, கேப் பெனின்சுலா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பெல்வில் வளாகத்தில் இயங்கும் உங்கள் நிலையத்துக்கே உரியது.

தலைமுறைகளாகக் கைமாறி வந்த பக்குவம் எங்களிடம் இருந்தது. ஆயினும் பேரங்காடிக்குப் பேசப் போனபோது, ருசி பார்த்துப் பாராட்டிய கொள்முதல் அதிகாரி அடுத்த கேள்வியாக ஆய்வறிக்கையைக் கேட்டார். சொந்த ஆய்வுக்கூடம் வைத்திருக்கும் பெரிய கம்பெனிக்கு அது அன்றாட வேலை; சிறு தொழில் செய்வோர் பலருக்கு முயற்சி அந்த இடத்திலேயே நின்றுபோகிறது.

உங்கள் ஆய்வாளர்கள் எண்ணெயை வடித்துவிட்டு, மாங்காய்த் துண்டுகளை விழுதாக அரைத்து அமிலத்தன்மையை அளந்தார்கள். சாறு நன்றாகப் புளித்திருந்தாலும் அந்தப் புளிப்பு துண்டின் நடுவரை இறங்கச் சில நாள் பிடிக்கும் என்றும், புளிப்பு கூடக்கூடக் குறையும் பிஎச் அளவு 4.6க்கு மேல் நின்றுவிட்டால் காற்றுப் புகாத பாட்டிலுக்குள் கொடிய நஞ்சைச் சுரக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் கிருமி வளர வழியுண்டு என்றும் பொறுமையாக விளக்கினார்கள். அடைக்குமுன் ஊறவேண்டிய காலத்தை அவர்கள் வரையறுத்துத் தந்த பிறகு, ஒவ்வொரு ஈடும் ஒரே தரத்தில் வெளிவருகிறது. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பதைக் கவனித்து, ஒவ்வாமை உள்ளவர்களுக்காக அதை லேபிளில் தெளிவாக எழுதவைத்ததும் அவர்களே. காய்ச்சும் அடுப்புக்கும் கொட்டும் எண்ணெய்க்கும் அப்பால் இவ்வளவு இருக்கிறது என்று அருகிருந்து காட்டிய அந்த அக்கறையை நாங்கள் மறக்கமாட்டோம்.

இத்தகைய நிலையங்களுக்கு நிதியளிக்கும் தென்னாப்பிரிக்க அரசின் தொழில்நுட்பப் புத்தாக்க முகமைக்கும் எங்கள் நன்றி. டர்பனில் பிளாஸ்டிக் வார்ப்புக்கும், புளூம்ஃபொன்டெயினில் புதிய பொருள் வடிவமைப்புக்கும் எனப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்தே இவை அமைந்திருப்பது மிகச் சரியான ஏற்பாடு என்பது எங்கள் எண்ணம். கருவியும் படித்தவர்களும் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் சிறு தொழிலுக்கும் கதவு திறந்தால், அந்த வட்டாரமே சந்தையில் தலைநிமிர்ந்து நிற்கும். எங்கள் காய்கறி ஊறுகாய்க்கான கேரட்டும் காலிஃபிளவரும் கேப் டவுனிலேயே உள்ள ஃபிலிப்பி தோட்டங்களிலிருந்தே வருகின்றன. எங்கள் விற்பனை கூடும்போது அந்த விவசாயிகளின் கையிலும் பணம் சேர்கிறது.

சோதனை ஈடுகளைச் சலிக்காமல் சுவைத்துக் கருத்துச் சொன்ன மாணவர்களுக்கும், ஆய்வு முடியும்வரை சரக்குக்கான பாக்கியைக் கேட்காமல் காத்திருந்த மசாலா வியாபாரிக்கும், காய் நறுக்கும் எங்கள் அக்காமார்களுக்கும் உளமார்ந்த நன்றி.

உணவுத் தொழிலில் இறங்க நினைக்கும் நம்மவர் எவராயினும் எங்கள் கூடத்துக்கு வரலாம். நிலையத்தை அணுகும் முறையைச் சொல்லி, எங்களுக்குக் கிடைத்த அறிக்கைகளையும் காட்டுகிறோம்.

நன்றியுடன்,
ஊறுகாய்க் கூடத்தார்,
ரைலண்ட்ஸ், கேப் டவுன்