தவறு இருந்தால் அப்படியே அனுப்புங்கள்: வீட்டுப்பாடம் பற்றிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு நாள் மதியம், மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒரு நோட்டில் 52-இலிருந்து 27-ஐக் கழிக்கும் கணக்கு. விடை 25 என்று சரியாக இருந்தது. தாளைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தபோது, ரப்பரால் அழித்த இடத்தில் 35 என்று பென்சில் அழுந்திய தடம் தெரிந்தது. அது குழந்தையின் எழுத்து. மேலே இருந்த 25 பெரியவர் கை. மறுநாள் அதே குழந்தையைக் கூப்பிட்டு, 74-இலிருந்து 46-ஐக் கழிக்கச் சொன்னேன். கொஞ்சமும் தயங்காமல் 32 என்று எழுதியது.

விடை 28. அப்படியானால் 32 எப்படி வந்தது? 4-இலிருந்து 6 போகாது. சரி, 6-இலிருந்து 4 போனால் 2. அப்புறம் 7-இலிருந்து 4 போனால் 3. ஆக 32. முதல் கணக்கில் 35 வந்ததும் இதே வழியில்தான். இதைக் கவனக்குறைவு என்று சொல்ல மாட்டேன். மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்க்காமல், பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று அந்தக் குழந்தை தானாக ஒரு விதி வைத்திருக்கிறது. அந்த விதியை ஒழுங்காகவும் கடைப்பிடிக்கிறது. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978-இலேயே இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். கழித்தலில் குழந்தைகள் செய்யும் தவறுகளில் பல மனம்போன போக்கில் வருவதில்லை, ஒரு தவறான விதியை விடாமல் பின்பற்றுவதால் வருகின்றன என்பது அவர்கள் கண்டது.

ஆசிரியர் கண்ணில் 35 பட்டிருந்தால் அன்றைக்கே குச்சிக் கட்டுகளை எடுத்திருப்பார். ஐந்து பத்துக் கட்டு, இரண்டு உதிரிக் குச்சி. ஏழு குச்சி கொடுக்க வேண்டும், கையில் இரண்டுதான் இருக்கிறது, என்ன செய்வாய்? குழந்தை ஒரு கட்டின் ரப்பர் வளையத்தைத் தானே கழற்றிப் பன்னிரண்டாக்கும்போதுதான் ‘கடன் வாங்குவது’ என்றால் என்னவென்று அதற்கு விளங்குகிறது. அவர் கண்ணில் பட்டதோ 25. டிக் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

இதில் எங்கள் பங்கும் இருக்கிறது. எல்லா விடையும் சரியாக உள்ள நோட்டுக்கு நட்சத்திரம் போட்டு அனுப்பியவர்கள் நாங்கள்தான். பிள்ளை அழுதுகொண்டு வரக் கூடாதே என்று நீங்கள் திருத்திக் கொடுத்தீர்கள். உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இனி வீட்டுப்பாடத்துக்கு நட்சத்திரமும் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. நான் கேட்பது ஒன்றுதான். குழந்தை வீட்டில் செய்ததை, தவறு இருந்தால் தவறோடு, அப்படியே அனுப்புங்கள்.

இனி வீட்டுப்பாடம் வாரத்துக்கு ஒரு தாளாக வரும். அந்த வாரம் என்ன படிக்கப் போகிறோம் என்று மேலே நான்கு வரி இருக்கும். வேலை திங்கள் முதல் வியாழன் வரை. வெள்ளிக்கிழமை தாள் எங்களிடம் திரும்ப வர வேண்டும். சனி, ஞாயிறு ஒன்றும் கிடையாது. வாரத்தில் ஒரு நாள் வீட்டில் விருந்தினர் வந்தால், குழந்தைக்கு உடம்பு முடியாமல் போனால், அடுத்த நாள் சேர்த்துச் செய்யட்டும். தினம் ஒரு தாள் கொடுத்தால் இந்த வசதி இருக்காது.

எவ்வளவு நேரம் என்று பலர் கேட்கிறீர்கள். வகுப்புக்குப் பத்து நிமிடம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு: ஒன்றாம் வகுப்புக்கு நாளுக்கு 10 நிமிடம், ஐந்தாம் வகுப்புக்கு 50. நாங்கள் இதை உச்ச வரம்பாக வைத்துக்கொள்கிறோம். ட்யூக் பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் கூப்பர், சக ஆய்வாளர்களோடு சேர்ந்து வீட்டுப்பாடம் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்டார். வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு பெரிய வகுப்புகளில் தெளிவாகத் தெரிந்தது. சின்ன வகுப்புகளில் அது மிகக் குறைவு. அதனால் ஏழு வயதுக் குழந்தையை இரவு ஒன்பது மணி வரை உட்கார வைத்து எழுதச் சொல்ல வேண்டாம். நேரம் முடிந்ததும் பாதியில் இருந்தாலும் நிறுத்திவிட்டு, நின்ற இடத்தில் ஒரு கோடு போட்டு அனுப்புங்கள். அந்தக் கோடும் எங்களுக்கு ஒரு தகவல்தான்.

தாளில் ஆறு கணக்கு இருந்தால், அதில் இரண்டு போன வாரத்துப் பாடமாகவும் ஒன்று போன மாதத்துப் பாடமாகவும் இருக்கும். “இதெல்லாம் முடிந்த பாடமாயிற்றே” என்று நினைக்க வேண்டாம். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர், பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எத்தனை நாளில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் எழுதினார். மறதியில் பெரும்பகுதி முதல் ஒரு நாளுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. இடைவெளி விட்டு மறுபடி தொட்டால்தான் பாடம் தங்கும்.

சொல்வதெழுதுதலுக்கு வாரம் எட்டுச் சொற்கள். ஒரு சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்லும் வழக்கத்தை விட்டுவிட்டோம். மூன்று வரி வரை ‘பள்ளி’ என்று சரியாக எழுதும் குழந்தை, நான்காவது வரியில் கை அசந்து ‘பல்லி’ என்று எழுதுகிறது. அதற்குப் பிறகு மேல் வரியைப் பார்த்தே எழுதுவதால் பத்தாவது வரி வரை பல்லிதான். தவறைத்தான் ஏழு முறை பழகியிருக்கிறது. அதனால் சொல்லைப் பார்க்கட்டும், வாய்விட்டுச் சொல்லட்டும், கையால் மூடிவிட்டு எழுதட்டும், திறந்து சரி பார்க்கட்டும். ல, ள, ழ மூன்றையும் நீங்கள் சொல்லும்போது வேறுபாடு காதில் விழுந்தால் போதும், பாதித் தவறு அங்கேயே குறைந்துவிடும்.

வாய்ப்பாடு பற்றிய பயத்துக்கு ஒரு வார்த்தை. பத்தாம் வாய்ப்பாடு வரை மொத்தம் 100 பெருக்கல். 7 × 8-உம் 8 × 7-உம் ஒன்றுதான் என்று புரிந்துவிட்டால் 55. அதில் 1, 2, 5, 10 வாய்ப்பாடுகள் சீக்கிரம் வந்துவிடும். மிச்சம் இருப்பது 21 மட்டுமே. குழந்தையிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

தினமும் கட்டாயம் நடக்க வேண்டியது என்று ஒன்றைச் சொன்னால், அது சத்தமாக வாசிப்பதுதான். பத்து நிமிடம் போதும். பாடப்புத்தகமாக இருக்க வேண்டியதில்லை. தடுக்கிய சொல்லில் உடனே நீங்கள் எடுத்துக் கொடுக்காமல், மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பெரும்பாலும் குழந்தையே எழுத்துக் கூட்டிப் பிடித்துவிடும். முடித்ததும் “யார் என்ன செய்தார்கள்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். வேலை முடிந்து இரவில் திரும்பும் பெற்றோர் இருக்கிறீர்கள், படிக்க வாய்ப்புக் கிடைக்காத பெற்றோரும் இருக்கிறீர்கள். பாடம் சொல்லித் தருவது எங்கள் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதற்குப் படிப்பு தேவையில்லை. அண்ணனோ பாட்டியோ கேட்டாலும் சரிதான்.

முதல் தாள் வரும் திங்கட்கிழமை பையில் இருக்கும். அடியில் உங்களுக்கென்று இரண்டு வரி இடம் விட்டிருக்கிறோம். கையெழுத்தோடு, எந்தக் கணக்கில் நின்றது, எங்கே அழுகை வந்தது, எதை ஆசையாகச் செய்தது என்று தோன்றியதை எழுதுங்கள். எழுத முடியாதவர்கள், பிள்ளையை விட வரும்போது வகுப்பாசிரியரிடம் வாய்மொழியாகச் சொன்னால் போதும். அந்த மூன்றாம் வகுப்புக் குழந்தையின் அம்மாவிடம் பேசிவிட்டேன். போன வெள்ளிக்கிழமை வந்த நோட்டில் ஆறு கணக்கில் இரண்டு தவறு. ஒன்றுகூட அழிக்கப்படவில்லை. திங்கட்கிழமை குச்சிக் கட்டோடு அந்த இரண்டையும் ஆசிரியர் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்