கைநாட்டு நின்றது, இந்தக் கையெழுத்து நிற்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் தங்கச்சி மகனின் படிப்புக் கடனுக்கு ஜாமீன் போட்டேன். இருபது வருடம் கட்ட வேண்டிய கடன். பத்திரம் வாட்ஸ்அப்பில் வந்தது. "அங்கள், விரலாலேயே சைன் பண்ணி அனுப்பிடுங்க, போதும்" என்று கடன் அலுவலகத்துப் பெண் சொன்னார். திரையில் விரல் வழுக்கி, என் பெயரின் கடைசி எழுத்து கோழி கிளறிய மாதிரி வந்தது. அதையே ஏற்றுக்கொண்டார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்தவன். சம்பள நாளில் செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) கைநாட்டு வாங்கும்போது, ரப்பர் பால் கறை ஏறிய கட்டைவிரலைத் துணியால் துடைத்து, மையில் ஒற்றி, ரேகை தெளிவாக விழும்வரை விடமாட்டேன். கணக்கில் தகராறு வந்தால் பேசுவது அந்த ரேகைதான்.

திரையில் விரலால் கிறுக்குவது வேறு, டிஜிட்டல் கையெழுத்து வேறு. இது நம் ஆட்களில் பலருக்குத் தெரியவில்லை. முதலாவதை மின்னணுக் கையெழுத்தாக மலேசியாவின் 2006-ஆம் ஆண்டு மின்னணு வாணிபச் சட்டம் ஏற்கலாம். இரண்டாவதற்கு 1997-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, எம்சிஎம்சியிடம் (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம்) உரிமம் பெற்ற நிறுவனம் சான்றிதழ் தர வேண்டும். அதில் பத்திரம் முழுவதையும் ஒரு குறுகிய எண்ணாகச் சுருக்கி, போடுபவரிடம் மட்டுமே இருக்கும் ரகசியச் சாவியால் முத்திரை இடுகிறார்கள். எல்லோருக்கும் தெரிந்த பொதுச் சாவியை வைத்து யாரும் அதைச் சரிபார்க்கலாம், பத்திரத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் முத்திரை பொருந்தாது.

சரி, டிஜிட்டல் கையெழுத்து உறுதியானதுதானே என்றால், இன்றைக்கு உறுதிதான். அதில் பரவலாகப் பயன்படும் ஆர்எஸ்ஏ என்ற கணக்கு முறையின் பலமெல்லாம், இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம், பெருக்கி வந்ததைத் திரும்பப் பிரிப்பது மகா கஷ்டம் என்பதில் இருக்கிறது. பெரிய குவாண்டம் கணினி ஒன்று இருந்தால் அதைப் பிரித்துவிடலாம் என்று 1994-லேயே பீட்டர் ஷோர் காட்டிவிட்டார். அப்படிப்பட்ட இயந்திரம் இன்னும் வரவில்லை. ஆனால் 2019-ல் அதற்கு 2 கோடி கியூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) வேண்டும் என்று கணக்குப் போட்டவர்களில் ஒருவரே 2025-ல் 10 லட்சத்துக்கும் குறைவாகப் போதும் என்கிறார்.

குவாண்டம் கணினி பற்றிய பேச்செல்லாம் ரகசியம் திருடு போவதைப் பற்றியே இருக்கிறது. எனக்குக் கவலை வேறு. இனி நானும் டிஜிட்டல் கையெழுத்துப் போட வேண்டி வரலாம். பொதுச் சாவியிலிருந்து ரகசியச் சாவியைக் கண்டுபிடித்துவிட்டால், நாளைக்கு ஒருவன் பழைய தேதி போட்டு என் பெயரில் புதுப் பத்திரமே எழுதலாம். அப்புறம் நான் உண்மையாகப் போட்டதையும் யார் நம்புவார்கள்?

குவாண்டம் கணினியைத் தாக்குப்பிடிக்க வடிவமைத்த மாற்று முறை இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் தரங்களை வகுக்கும் நிஸ்ட் அமைப்பு 2024 ஆகஸ்டில் கையெழுத்துக்கென்றே எம்எல்-டிஎஸ்ஏ, எஸ்எல்எச்-டிஎஸ்ஏ என்ற இரண்டு தரங்களை வெளியிட்டுவிட்டது. ஆனால் 2048 பிட் ஆர்எஸ்ஏ கையெழுத்து 256 பைட், எம்எல்-டிஎஸ்ஏவில் மிகச் சிறியதே 2,420 பைட். சாவி இருக்கும் கார்டு, மென்பொருள், சேமிப்பு எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும், அதற்கு வருடக்கணக்கில் ஆகும். அமெரிக்க அரசு தன் துறைகளுக்கு வைத்திருக்கும் இலக்கு 2035. என் ஜாமீன் போன்ற கடன் பத்திரங்கள் அதையும் தாண்டி ஓடுகின்றன.

ஆகவே இங்கே சான்றிதழ் தரும் நிறுவனங்கள் எந்த வருடத்தில் மாறப்போகின்றன என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பழைய முறையில் கையெழுத்தான பத்திரங்களுக்கு, அந்த முறை உடையும் முன்பே, புது முறையில் நேர முத்திரை (இந்தப் பத்திரம் இன்ன நேரத்தில் இருந்தது என்ற சான்று) போட்டுத் தர வேண்டும். உடைந்த பிறகு போட்டுப் பயனில்லை. விரலால் எழுதச் சொல்லும் அலுவலகங்கள், அது எந்த வகைக் கையெழுத்து என்பதைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும்.

மலேசிய இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் 1960-ல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் அப்பா பணம் கட்டிய ரசீது இன்னும் எங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, மை மங்கினாலும் படிக்க முடிகிறது. நான் அந்த அலுவலகத்துக்கு நேரில் போய், காகிதத்தில் ஒரு பிரதி கேட்டு, பேனாவால் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். வயதானவர்கள் எல்லோராலும் பஸ் ஏறிப் போய் இப்படிக் கேட்க முடியாது. தங்கள் நாளிதழ் ஞாயிறு பதிப்பில் இதை எளிய தமிழில் படம் போட்டு விளக்கினால், எங்கள் கோயில் மண்டபத்தில் ஒட்டி வைக்கிறேன்.

ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்